அடாபலீன் 0.1% ஜெல்: இன்னும் வெளியே வராத பருவுக்குத் தடவும் மருந்து

முகப்பருவுக்கு மேலே தடவும் மருந்துகளில் ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது கட்டாயப்படுத்தினால், அடாபலீன் 0.1% ஜெல்லைத்தான் எடுக்கச் சொல்வோம். 15 கிராம் டியூப். வாசனை இல்லை, பிசுபிசுப்பு இல்லை, இரவில் ஒருமுறை போட்டால் போதும். ஆனால் பயன்படுத்தியவர்கள் சொல்வதைக் கேட்டால் ஐந்து நட்சத்திரத்துக்குப் பக்கத்திலேயே ஒற்றை நட்சத்திரமும் நிற்கிறது. "ரெண்டு வாரம் போட்டேன், பரு கூடிப்போச்சு." "தோல் உரியுது." "இருக்கிற பரு அப்படியே இருக்கு." மூன்றும் உண்மையிலேயே நடப்பவைதான். ஜெல் மட்டம் என்பதல்ல காரணம். இது எந்தப் பருவுக்கான மருந்து என்று சொல்லாமலே டியூபைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

பரு எங்கே ஆரம்பிக்கிறது

பரு முகத்தில் தெரியும் அன்று பிறப்பதில்லை. தோலில் மயிர்க்காலோடு ஒட்டியபடி எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. நெற்றி, மூக்கு, கன்னம், மோவாய், மேல்முதுகு, நெஞ்சு ஆகிய இடங்களில் இந்தச் சுரப்பிகள் பெரியவை, நெருக்கமானவை. பருவும் அங்கேதான் வருகிறது. சுரப்பியே இல்லாத உள்ளங்கையில் வருவதில்லை. சுரக்கும் எண்ணெய், அதாவது செபம், மயிர்க்கால் குழாய் வழியாக மேலே வரும். குழாயின் உட்சுவரில் உதிரும் செத்த செல்களும் அதோடு சேர்ந்து வெளியேறிவிடும். பரு வரும் தோலில் இந்த உதிர்தல் கெட்டுப்போகிறது. செல்கள் அளவுக்கு மேல் உருவாகி, ஒன்றோடொன்று ஒட்டி, எண்ணெயோடு குழைந்து குழாயை அடைக்கின்றன. மைக்ரோகொமிடோன் என்று தோல் மருத்துவர்கள் சொல்வது இந்த அடைப்பைத்தான். கண்ணாடியில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. இது கண்ணில் படும் பருவாக வளரப் பல வாரங்கள், சில சமயம் இரண்டு மாதம்கூட ஆகும். இந்தக் கால இடைவெளியை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் கீழே சொல்லும் எதுவும் புரியும்.

அடைப்பு பெருத்து, மேலே தோல் மூடியிருந்தால் ஒயிட்ஹெட். வாய் திறந்திருந்தால் ப்ளாக்ஹெட். ப்ளாக்ஹெட்டின் கறுப்பு அழுக்கு அல்ல. மெலனின் நிறமியும், காற்றுப் பட்டு மாறிய கொழுப்பும். ஸ்கிரப் போட்டுத் தேய்த்தால் முகம் சிவக்கிறதே தவிர அந்தக் கறுப்பு போகாமல் இருப்பது இதனால்தான்.

அடைபட்ட குழாய்க்குள் காற்று குறைவு, கொழுப்பு மிகுதி. கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியாவுக்கு இதைவிட வசதியான இடம் அமையாது. (2016 வரை இதன் பெயர் புரோப்பியோனிபாக்டீரியம் ஆக்னஸ். பழைய மருந்துச் சிட்டைகளில் இன்னும் அந்தப் பெயரே இருக்கும்.) பருவே வராதவர் முகத்திலும் இது குடியிருக்கிறது. ஆகவே பரு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுகிற சங்கதி அல்ல. உள்ளே பாக்டீரியா பெருக, உடலின் எதிர்ப்பு செல்கள் திரள, இடம் சிவக்கிறது, வலிக்கிறது, சீழ் வைக்கிறது. குழாயின் சுவர் உள்ளுக்குள்ளேயே உடைந்து, இருந்ததெல்லாம் தோலின் ஆழத்தில் கொட்டினால் கட்டியாகிறது. அரை சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக, அழுத்தினால் ஆழத்தில் வலிக்கும் கட்டிகள் இப்படி வந்தவை. நிரந்தரத் தழும்பு விடுவதில் இவைதான் முதலிடம்.

எண்ணெய்ச் சுரப்பியை முடுக்கிவிடுவது ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள். ஆண், பெண் இருவர் உடலிலும் இவை உண்டு. அட்ரீனல் சுரப்பி எட்டு, ஒன்பது வயதிலேயே இவற்றைச் சுரக்க ஆரம்பிப்பதால், வயதுக்கு வருவதற்கு முன்பே சில பிள்ளைகளுக்கு நெற்றியில் பொடிப்பொடியாகத் தெரியும். இருபத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்குத் தாடை ஓரத்திலும் மோவாயிலும் மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் கிளம்புவதும் ஹார்மோன் கணக்குத்தான்.

டியூபுக்குள் இருப்பது

அடாபலீன், ரெட்டினாய்டு என்ற வைட்டமின் ஏ சார்ந்த மருந்துக் குடும்பத்தில் மூன்றாம் தலைமுறை. தோல் செல்லின் உட்கருவில் ரெட்டினாயிக் அமில ஏற்பிகளோடு இணைந்து, கெட்டுப்போன உதிர்தலை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. அழற்சியையும் ஓரளவு தணிக்கிறது. சுரப்பியின் எண்ணெயைக் குறைப்பது இதன் வேலையல்ல. பாக்டீரியாவைக் கொல்வதும் அல்ல. அடைப்பு உருவாகும் முதல் படியிலேயே கைவைக்கிறது. நேற்று வந்த சிவந்த பருவுக்கு மேல் பொட்டு வைப்பதுபோல இதைத் தடவினால் பயன் இல்லாதது அதனால்தான். அந்தப் பருவின் அடைப்பு போன மாதமே உருவாகிவிட்டது. இந்த ஜெல் குறிவைப்பது அடுத்த மாதம் வரவிருப்பதை.

அமெரிக்காவில் 1996இல் மருந்துச் சீட்டோடு அனுமதி பெற்றது. 2016இல் 0.1% ஜெல்லை அங்கே சீட்டு இல்லாமலே வாங்கலாம் என்றாக்கினார்கள். இந்தியாவில் இது சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்து. சீட்டு கேட்காமல் எடுத்துக் கொடுக்கும் கடைகள் ஏராளம் என்பது வேறு விஷயம்.

பழைய ரெட்டினாய்டான ட்ரெட்டினாயினோடு ஒப்பிட்டால், இதற்கு இரண்டு விஷயங்களில் அனுகூலம் உண்டு. ஒன்று, வெளிச்சத்திலும், பருவுக்கே போடும் இன்னொரு மருந்தான பென்சாயில் பெராக்சைடின் பக்கத்திலும் சிதைவதில்லை. சாதாரண ட்ரெட்டினாயின் இரண்டிலும் சிதையும். இரண்டு, எரிச்சல் குறைவு. 1996இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 12 வாரம் கழித்து எண்ணியபோது, அடாபலீன் 0.1% ஜெல் போட்டவர்களுக்கு மொத்தப் பருக்களில் 49 சதவீதம் குறைந்திருந்தது, ட்ரெட்டினாயின் 0.025% ஜெல் போட்டவர்களுக்கு 37 சதவீதம். பாதிதான் குறைந்தது என்பதையும் இதே எண்ணிலிருந்து படித்துக்கொள்ள வேண்டும். முகம் பளிங்காகிவிடும் என்ற கணக்கோடு வாங்குபவருக்கு எந்தத் தனி டியூபும் ஏமாற்றமே.

ஜெல் தண்ணீரை அடிப்படையாகக் கொண்டது, ஆல்கஹால் கலக்காதது. வெள்ளையாக வரும், நிமிடத்தில் காய்ந்துவிடும். எண்ணெய் வழியும் முகத்துக்கும் நம் ஊர் வெக்கைக்கும் பொருத்தம். இதில் இருக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற கரைப்பானால் சிலருக்குச் சுருக்கென்று எரியும். வறண்ட தோல்காரர்கள் இதே மருந்தின் கிரீம் வடிவத்தைக் கேட்கலாம். மைக்ரோஸ்பியர் என்று போட்ட ஜெல்லில் மருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியாகும். எரிச்சல் தாங்காதவருக்கு அது ஒரு வழி.

தடவும் முறை

கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ராத்திரி முகத்தை நுரை குறைவான, மென்மையான ஃபேஸ்வாஷால் ஒரு தடவை கழுவி, துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு 15, 20 நிமிடம் சும்மா விட வேண்டும். ஈரத் தோலுக்குள் மருந்து அதிகமாக இறங்கும், எரிச்சலும் கூடும்.

முகம் முழுவதற்கும் ஒரு பச்சைப் பட்டாணி அளவு. நெற்றியில் ஒரு புள்ளி, கன்னத்துக்கு ஒன்று வீதம் இரண்டு, மோவாயில் ஒன்று, மூக்கில் துளி. அப்படியே மெல்லியதாகப் பரப்பி விட வேண்டும். பரு இல்லாத இடத்துக்கும் சேர்த்து, ஏனென்றால் அடைப்பு எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. கண் இமை, மூக்கு மடலின் ஓர மடிப்பு, உதட்டு ஓரம் மூன்றையும் விட்டுவிட வேண்டும். மருந்து தேங்கி முதலில் வெடிப்பது அங்கேதான். அந்த ஓரங்களில் முன்கூட்டியே கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்வது நல்ல பழக்கம். அதிகம் போட்டால் சீக்கிரம் குணமாகாது, சீக்கிரம் உரியும். சரிபார்க்க எளிய வழி: தினமும் முகத்துக்கு மட்டும் போடுகிறவருக்கு 15 கிராம் டியூப் ஒன்றரை மாதமாவது வர வேண்டும். மூன்று வாரத்தில் காலியானால் அளவு தப்பு.

முதல் இரண்டு வாரம் இரண்டு நாளைக்கு ஒருமுறை, தோல் மெல்லியவர்களுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை. பொறுத்துக்கொண்டால் மெல்ல தினமும். மேலே ஒரு மாய்ஸ்சரைசர் கட்டாயம். எண்ணெய் முகம் என்பதால் இதைத் தவிர்ப்பவர்கள்தான் முதலில் உரிந்துபோய் நிறுத்துகிறார்கள். கிளிசரினோ செராமைடோ உள்ள, வாசனை சேர்க்காத ஒன்று போதும். எரிச்சல் தாங்கவில்லையா, மாய்ஸ்சரைசர், அதன்மேல் ஜெல், அதன்மேல் மறுபடி மாய்ஸ்சரைசர் என்று போடலாம். அதுவும் ஆகாதவர்கள் ஜெல்லை ஒரு மணி நேரம் வைத்துக் கழுவிவிட்டு, வாரக்கணக்கில் நேரத்தைக் கூட்டலாம்.

காலையில் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன். மாநிறத்திலும் கறுத்த நிறத்திலும் பரு ஆறிய பின் விடும் கறை மாதக்கணக்கில் நிற்கும், வெயில் அதை இன்னும் கறுக்க வைக்கும். அடாபலீன் அந்தக் கறையையும் மெதுவாக வெளுக்கச் செய்யும் என்பது உபரி லாபம். வெயிலில் காயவிட்டால் அந்த லாபம் போய்விடும். இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயல் உள்ள சன்ஸ்கிரீன் கறைக்கு இன்னும் பொருத்தம், அது கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுப்பதால்.

உதட்டு மேல் முடிக்கு வேக்சிங் செய்கிறவர்கள் ஒரு வாரம் முன்பே ஜெல்லை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் மெழுகோடு தோலும் சேர்ந்து வரும். இந்தக் காலத்தில் பார்லர் ப்ளீச்சும் ஃபேஷியலும் வேண்டாம். ஸ்கிரப், கிளைக்காலிக் அமில சீரம், வைட்டமின் சி, சாலிசிலிக் ஃபேஸ்வாஷ் எல்லாவற்றையும் இதோடு சேர்த்துக் கட்டி ஆடுவதும் வேண்டாம். பன்னிரண்டு வாரத்துக்கு இவற்றுக்கு விடுமுறை.

வாரக் கணக்கு

முதல் வாரத்திலிருந்து நான்காம் வாரம் வரை சிவப்பு, வறட்சி, லேசான உரிதல். இரண்டாம் வாரத்துக்கும் ஆறாம் வாரத்துக்கும் நடுவில் சிலருக்குப் பரு கூடும். ஏற்கெனவே உள்ளே இருந்த அடைப்புகள் வேகமாக மேலே வருவதாகச் சொல்வார்கள். ஒற்றை நட்சத்திர விமர்சனங்கள் எழுதப்படுவது இந்த வாரங்களில்தான். எட்டாம் வாரத்தில் பொடிப் பொரிகள் தணிந்து கன்னம் தடவினால் வழவழப்பு தெரியும். பலனை எடைபோட வேண்டியது பன்னிரண்டாம் வாரம். அதற்கு முன் "கேட்கவில்லை" என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அதற்குப் பிறகும் கால்வாசிகூடக் குறையவில்லை என்றால் அதே டியூபை இன்னொன்று வாங்கிப் பயனில்லை, மருத்துவரிடம் திரும்பப் போக வேண்டும். தாங்க முடியாத எரிச்சல், முகம் வீக்கம், நீர்க் கொப்புளம் என்றால் அது பழகும் காலம் அல்ல, ஒவ்வாமையாக இருக்கலாம். அன்றே நிறுத்த வேண்டும்.

முகம் தெளிந்த பிறகு சுத்தமாக நிறுத்திவிட்டால் சில மாதங்களில் பழையபடி ஆவது சகஜம். அடைக்கும் குணம் போய்விடவில்லை, அடக்கி வைத்திருந்தோம், அவ்வளவுதான். வாரத்தில் இரண்டு மூன்று ராத்திரி தொடர்ந்தாலே பலருக்குப் போதும்.

துணைக்குப் போடும் மருந்து

சிவந்த, சீழ் வைத்த பருக்கள் கணிசமாக இருந்தால் அடாபலீன் தனியாகப் போதாது. அதற்கு பென்சாயில் பெராக்சைடு. குழாய்க்குள் ஆக்சிஜனை வெளியிட்டு, காற்றை விரும்பாத அந்தப் பாக்டீரியாவைக் கொல்லும். எத்தனை வருடம் போட்டாலும் பாக்டீரியா இதற்குப் பழகி எதிர்ப்பாற்றல் பெறுவதில்லை. கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஜெல்லைத் தனியாக மாதக்கணக்கில் தடவும்போது எதிர்ப்பாற்றல் வந்துவிடும். "கிளிண்டாமைசின் முதலில் நல்லாக் கேட்டுச்சு, அப்புறம் கேக்கல" என்ற புகாரின் காரணம் பெரும்பாலும் இதுதான். கிளிண்டாமைசின் எழுதிக் கொடுத்தால் கூடவே பென்சாயில் பெராக்சைடும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பென்சாயில் பெராக்சைடில் வாங்க வேண்டியது 2.5%. 10 சதவீதம் நான்கு மடங்கு நன்றாக வேலை செய்யும் என்று நினைக்கத் தோன்றும். ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில் சிவந்த பருக்களைக் குறைப்பதில் 2.5, 5, 10 மூன்றும் ஏறத்தாழ ஒன்றுதான், எரிச்சல் மட்டும் ஏறிக்கொண்டே போனது. காலையில் பென்சாயில் பெராக்சைடு, ராத்திரி அடாபலீன் என்று பிரித்துப் போடலாம். இரண்டும் சேர்ந்த ஒரே டியூபும் உண்டு, எபிடுயோ அப்படிப்பட்டது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல், எந்த அளவு பருவானாலும் முதல் 12 வாரச் சிகிச்சைக்குச் சொல்லும் தேர்வுகளில் இந்தக் கூட்டு மருந்தும் ஒன்று. எங்கள் மதிப்பீட்டிலும், சீழ்ப் பரு உள்ளவர் தனி அடாபலீனில் மூன்று மாதம் செலவழிப்பதைவிட இதில் நேரடியாக ஆரம்பிப்பது மேல். வறட்சி கூடுதலாக இருக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பென்சாயில் பெராக்சைடின் இன்னொரு குணம், துணியை வெளுக்கும். தலையணை உறை, துண்டு, கறுப்புச் சட்டைக் காலர் எதுவும் தப்பாது. வெள்ளைத் துண்டு, வெள்ளை உறை வைத்துக்கொள்வதுதான் வழி. வெப்பமும் இதற்கு ஆகாது. இது சூட்டில் சிதைந்து, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பென்சீன் உண்டாகலாம் என்று 2024இல் ஓர் அமெரிக்கத் தனியார் ஆய்வகம் கிளப்பிய பிறகு, அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 95 பொருள்களைச் சோதித்தது. 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் பென்சீன் இல்லை அல்லது மிகச் சொற்பம். ஒரு சில மட்டும் திரும்பப் பெறப்பட்டன. பயந்து நிறுத்தத் தேவையில்லை. ஆனால் டியூபை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலோ வெயில் படும் ஜன்னலிலோ வைக்காதீர்கள்; காலாவதித் தேதி தாண்டியதைப் போடாதீர்கள்.

ஜெல் வேலை செய்தும் பரு நிற்காதபோது

ஒரு பக்கம் அடைப்பைத் திறக்க மருந்து, இன்னொரு பக்கம் அடைப்பை உண்டாக்கும் பழக்கம் என்றால் எந்த டியூபும் தோற்கும். முதலில் பார்க்க வேண்டியது தலை எண்ணெய். தழையத் தழையத் தேங்காய் எண்ணெய் வைத்துவிட்டு அப்படியே படுத்தால் நெற்றி ஓரத்திலும் கன்னப் பொறியிலும் பொடிப் பொரிகள் வரிசையாக நிற்கும். எண்ணெயைக் கைவிட வேண்டாம். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன் வைத்து அலசிவிட்டால் போதும். முகத்தில் அதை மாய்ஸ்சரைசராகத் தடவுவதை மட்டும் நிறுத்த வேண்டும்.

ஹெல்மெட் பட்டை, இறுக்கிய முகக்கவசம், பையின் தோள்வார், ஜிம் பெஞ்சில் முதுகு: அழுத்தமும் உரசலும் வியர்வையும் சேரும் இடத்தில் அந்த வடிவத்திலேயே பரு வரும். ஹெல்மெட்டுக்குள் பருத்தித் துணி, வியர்த்ததும் சட்டை மாற்றுவது, இவை சிறிய மாற்றங்கள்தான், ஆனால் கேட்கும்.

கிள்ளுவது. அழுத்தும் விசையில் ஒரு பங்கு உள்ளே போகிறது. குழாய்ச் சுவர் உடைந்து, மேலோட்டமாக ஆறியிருக்க வேண்டியது ஆழக் கட்டியாகிறது. கறையும் குழித் தழும்பும் இதன் விலை. எலுமிச்சைச் சாறு, டூத்பேஸ்ட், பூண்டுச் சாறு மூன்றும் தோலைப் புண்ணாக்கி, ஆறும்போது பருவைவிடக் கறுத்த தடம் விடும். மஞ்சள், முல்தானி மட்டி, நலங்கு மாவு இவை தோல் தாங்கினால் பெரிய கேடு செய்யா. ஆனால் உள்ளே இருக்கும் அடைப்பை இவை எட்டுவதும் இல்லை. அடாபலீன் போடும் நாட்களில் கரகரப்பான எந்த மாவும் தேய்க்க வேண்டாம்.

சாப்பாட்டில், எண்ணெய்ப் பலகாரம் முகத்தில் எண்ணெய் வழியவைக்கும் என்பதற்குச் சொல்லும்படி ஆதாரம் இல்லை. பஜ்ஜியைவிடச் சர்க்கரை போட்ட பானமும் மைதாவும் சந்தேகத்துக்குரியவை. ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் உணவு இன்சுலினை உயர்த்தி, அதன் வழியே ஆண்ட்ரோஜன் வேலையையும் கூட்டுகிறது. 2007இல் வெளியான, ஆஸ்திரேலியாவில் 15 முதல் 25 வயது ஆண்களிடம் நடந்த 12 வார ஆய்வில், இப்படிப்பட்ட உணவைக் குறைத்தவர்களுக்கு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு எண்ணிக்கையில் பரு குறைந்தது. பாலுக்கும் பருவுக்கும் தொடர்பு தெரிகிறது, உறுதியாகச் சொல்லுமளவு இல்லை. ஜிம் போகிற பையன்களுக்கு வே புரொட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரதத் தூள்) தொடங்கிய சில வாரங்களில் முதுகு, தோள் எல்லாம் கிளம்பினால் இரண்டு மாதம் அதை நிறுத்திப் பார்ப்பதே முதல் சோதனை. மாத்திரையாகவோ ஊசியாகவோ தசை வளர்க்கும் ஸ்டீராய்டு எடுக்கிறவருக்கு இந்த ஜெல் எடுபடாது.

மருந்துகளும் பருவைப் போன்ற பொரிகளைக் கிளப்பும்: வாய்வழி ஸ்டீராய்டு, காசநோய்க்கான ஐசோநியாசிட், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், லித்தியம், அளவு கூடிய வைட்டமின் பி12. இவற்றை நாமாக நிறுத்தக் கூடாது, எழுதிய மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும்விட மோசம் முகத்தில் தடவும் ஸ்டீராய்டு கிரீம். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் கலந்த கிரீம்களை வெளுப்புக்கும் பருவுக்கும் சேர்த்தே போட்டுக்கொள்கிறார்கள். முதல் வாரம் சிவப்பு அடங்கி முகம் பளிச்சென்று ஆகும்; அதுதான் பொறி. மாதங்கள் போகப் போகத் தோல் மெலிந்து, நுண்ணிய ரத்தக் குழாய்கள் தெரிந்து, முடி வளர்ந்து, ஒரே அச்சில் வார்த்த மாதிரிப் பொரிகள் வரும். நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கும், அதனால் மறுபடி போடத் தோன்றும். நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் இந்த நிலைக்கென்றே தனிப் பெயர் வைத்து வருடக்கணக்காக எச்சரித்துவருகிறார்கள். 2018இல் மத்திய அரசு இப்படிப்பட்ட 14 மேற்பூச்சு ஸ்டீராய்டுகளைச் சீட்டு இல்லாமல் விற்க முடியாத பட்டியலில் சேர்த்தது. ஏற்கெனவே அப்படி ஒரு கிரீம் மாதக்கணக்கில் போடுகிறவர் அதைச் சட்டென்று விட்டுவிட்டு அடாபலீனுக்குத் தாவினால் முகம் தீப்பிடித்ததுபோல் ஆகும். முதலில் மருத்துவர் பார்த்து அந்தக் கிரீமைப் படிப்படியாக இறக்க வேண்டும்.

இது யாருக்கு அல்ல

கர்ப்பிணிகளுக்கும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களுக்கும் வேண்டாம். தோல் வழியாக உடலுக்குள் போகும் அளவு மிகக் குறைவுதான், இருந்தாலும் ரெட்டினாய்டு குடும்பம் என்பதால் தவிர்ப்பதே வழக்கம். முகத்தில் எக்ஸிமாவோ வெயிற்கொப்புளமோ வெட்டுக்காயமோ இருந்தால் ஆறட்டும்.

நெற்றியில், தலைமுடி ஓரத்தில், மேல்முதுகில் எல்லாம் ஒரே அளவில் பொரிந்து நமநமவென்று அரித்தால் அது பெரும்பாலும் பருவே அல்ல; மலசீசியா என்ற பூஞ்சை. வியர்வைக் காலத்தில் அதிகம். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் கூடும், பூஞ்சை மருந்தான கீட்டோகோனசோலுக்கு அடங்கும். ப்ளாக்ஹெட்டும் ஒயிட்ஹெட்டும் ஒன்றுகூட இல்லாதது நல்ல அடையாளம்.

ஆழக் கட்டிகள், குழித் தழும்பு விழ ஆரம்பித்த முகம், நெஞ்சும் முதுகும் நிறைந்த பரு: இவர்களுக்கு இந்த டியூப் காலவிரயம். டாக்ஸிசைக்ளின், ஐசோட்ரெட்டினாயின் போன்ற மாத்திரைகள் மருத்துவர் கண்காணிப்பில்தான். ஐசோட்ரெட்டினாயின் கர்ப்பத்தில் சிசுவுக்குக் கடும் ஊனம் உண்டாக்கும், தோழி சாப்பிட்டாள் என்று வாங்கிச் சாப்பிடும் மாத்திரை அல்ல. மாதவிலக்கு தள்ளிப்போவது, மோவாயில் தடித்த முடி, எடை கூடுவது இவற்றோடு பரு என்றால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

பெட்டியில் பார்க்க வேண்டியது

அடாஃபெரின், டெரிவா என்று பல பெயர்களில் கிடைக்கிறது. விலை மாறும், 0.1% அடாபலீன் என்ற சரக்கு மாறாது. கவனம் வேண்டியது பெயரின் வாலில். ஒரே பிராண்டில் எம்எஸ் என்றால் மைக்ரோஸ்பியர், சிஎம்எஸ் என்றால் கூடவே கிளிண்டாமைசின், பிபிஓ என்றால் கூடவே பென்சாயில் பெராக்சைடு. பெட்டி பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும். சீட்டில் தனி அடாபலீன் எழுதியிருக்கக் கடையில் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று கிளிண்டாமைசின் கலந்ததைக் கொடுத்தால், ஆறு மாதம் ஆன்டிபயாட்டிக் தடவிக்கொண்டிருப்பீர்கள். பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருக்கும் உட்பொருள் வரியை விரலை வைத்துப் படியுங்கள். அங்கே அடாபலீன் 0.1% டபிள்யூ/டபிள்யூ (எடைக்கு எடை) என்று இருக்க வேண்டும். 'சோன்', 'சால்' என்று முடியும் பெயர் எதுவும் கூட இருந்தால் வாங்காமல் கேளுங்கள், ஸ்டீராய்டாக இருக்கலாம். காலாவதிக்கு ஆறு மாதமாவது மீதம் இருக்கட்டும், பன்னிரண்டு வாரச் சிகிச்சைக்கு இரண்டு டியூப் தேவைப்படும்.